மூடி வைத்த துரு

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள். ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார்கள். டயரை ஒரு உதை உதைப்பார்கள். காலுக்குக் கீழே கிடக்கும் மேட்டைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் வண்டியின் உண்மையான வயது அங்கேதான் இருக்கிறது. என்ஜினை இறக்கி வேலை பார்த்துவிடலாம், கியர்பாக்ஸையே மாற்றிவிடலாம். தரைத் தகடு துருவில் போய்விட்டால் வண்டி காயலான் கடைப் பக்கம் தலையைத் திருப்பிவிட்டது என்று பொருள்.

இந்தத் தரைத் துருவின் கதையைச் சொல்ல ஒரே ஒரு சாலை போதும். வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரிந்து, மண்ணிவாக்கம், படப்பை வழியாக ஒரகடம் போய், அங்கிருந்து வாலாஜாபாத் வரை நீளும் சாலை. ஒரகடம் கூட்டுரோட்டில் இதைக் குறுக்கே வெட்டுகிறது ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் சாலை. அதில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பினால் வல்லக்கோட்டை. ஒரு காலத்தில் முருகன் கோயிலுக்காக மட்டும் பேர் தெரிந்த ஊர். இன்றைக்குச் சுற்றிலும் கார், லாரி, புல்லட் செய்கிற தொழிற்சாலைகள். சாலையின் வண்டலூர் முனையில் ஒரு கார் கம்பெனி பிறந்து செத்திருக்கிறது. ஒரகடம் முனையில் தகட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிந்துகொண்ட தலைமுறைத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. நடுவில் முடிச்சூர் பக்கம் நடந்த ஒரு சாவு.

துளியின் நடு

இரும்பு நனைந்தால் துருப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் அதிகம் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. 1920-களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் செய்த சோதனை எளிமையானது. மெருகேற்றிய இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புத் தண்ணீர். துளியின் விளிம்பில் காற்று தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் ஆக்ஸிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. துரு உண்டாக ஆக்ஸிஜன் வேண்டும்தானே, அப்படியென்றால் விளிம்புதானே அரிக்க வேண்டும்? நடந்தது நேர்மாறு. நடுப்பகுதி நேர்மின்வாயாகி இரும்பு கரைந்தது. காற்று கிடைத்த விளிம்பு எதிர்மின்வாயாகித் தப்பித்தது. ஒரு துளிக்குள் ஒரு சின்ன பேட்டரி.

கார் தரைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது. கதவு ரப்பர் வழியாக உள்ளே வந்த மழைத் தண்ணீர் கார்ப்பெட்டின் அடியில் உள்ள பஞ்சில் ஊறி நிற்கிறது. மேலே மேட், அதற்கு மேலே செருப்புக் கால். காற்றுப்படாத அந்த ஈரத்தடியில்தான் தகடு கரைகிறது. வெளியே வெயிலில் நிற்கும் கூரை மழையில் நனைந்தாலும் அரை மணியில் காய்ந்துவிடும். தரை காய வாரக்கணக்கில் ஆகும். போதாததற்குத் துரு, தான் தின்ற இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும். இரண்டு தகடு ஒட்டிய மூட்டுக்குள் அது ஊதும்போது மூட்டே பிளக்கிறது, அடுத்த மழைக்கு இன்னும் அகலமான வழி.

டெல்லி இரும்புத் தூணைப் பற்றிப் பெருமை பேசுவோம். சுமார் 1600 ஆண்டு மழை வெயிலில் நிற்கிறது. அதன் இரும்பில் இருக்கும் பாஸ்பரஸ் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கியது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். பெருமையில் நாம் விட்டுவிடுவது ஒன்று உண்டு. அதே தூணின் மண்ணுக்குள் புதைந்த அடிப்பகுதியில் துரு பிடித்திருந்தது. ஒரே இரும்புதான். திறந்த பகுதி பிழைத்தது, மூடிய பகுதி அரித்தது.

வண்டலூர்

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கார்களை இங்கே செய்வது திட்டம். 1961-ல் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான் பேர் வாங்கியது. கொல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஹெரால்டு: இந்தியா முழுவதற்கும் கார் என்றால் ஏறக்குறைய இவ்வளவுதான்.

ஹெரால்டின் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. அம்பாசிடர், ஃபியட் இரண்டிலும் உடலே எலும்பு. தனியாகச் சட்டகம் கிடையாது. தரையும் பக்கவாட்டுப் பெட்டிகளும் சேர்ந்துதான் எடையைத் தாங்கும். ஹெரால்டோ பழைய பாணியில் தனிச் சட்டகத்தின் மேல் உட்கார்ந்த கார். இங்கிலாந்தில் பெரிய உடல் கூடுகளை அடித்துக் கொடுத்த கம்பெனி போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால், சின்னச் சின்னப் பகுதிகளாகச் செய்து போல்ட் போட்டுக் கோக்கிற முறைக்கு ஸ்டாண்டர்ட்–ட்ரையம்ஃப் வந்தது. போல்ட் போட்டுக் கோத்த இடமெல்லாம் தண்ணீர் புகத் தோதான இடம். அதே சமயம், தரை போனாலும் சட்டகம் நன்றாக இருந்தால் வண்டியைக் காப்பாற்றிவிடலாம். அம்பாசிடரில் அந்தச் சலுகை இல்லை. அங்கே தரை ஓட்டையாவதும் எலும்பு முறிவதும் ஒன்றுதான்.

அந்தக் காலத்துக் கார்களை ஏன் துருவுக்கு எதிராக ஒழுங்காகத் தயார் செய்யவில்லை? தொழில்நுட்பம் பாதிக் காரணம். மீதிக் காரணம் பொருளாதாரம். பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காலம். எந்த வண்டி கொடுத்தாலும் விற்கும். பத்தாவது வருஷத்தில் தரை என்ன ஆகும் என்று தயாரித்தவருக்குக் கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கவலை வாங்கினவர் தலையில் விழுந்தது. அவர் அதை டிங்கரிங் பட்டறைக்குத் தள்ளினார்.

ஸ்டாண்டர்ட் 1985-ல் ரோவர் உடலுக்குள் பழைய என்ஜினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரை இறக்கியது. எடுபடவில்லை. சில வருஷத்திலேயே உற்பத்தி நின்றது. பெருங்களத்தூர் எல்லையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த அந்த நிலத்தில் இப்போது ஐ.டி. பூங்காவும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

பட்டி, தார், பலகை

நம் ஊரில் பழைய வண்டிகளை உண்மையில் ஓட வைத்தது கம்பெனி இல்லை, டிங்கரிங் பட்டறை. சுத்தியல், அடைக்கட்டை, கேஸ் வெல்டிங், ஒரு தகடு. இவ்வளவை வைத்துக்கொண்டு எந்த அச்சும் இல்லாமல் ஒரு மட்கார்டை அடித்து வளைத்துத் தருவார்கள். புதுப்பேட்டையில் கிடைக்காத பாகத்தைக் கையாலேயே செய்துவிடுவார்கள். இந்தத் தொழிலறிவைப் பற்றி நாம் இன்னும் ஒழுங்காக எழுதவில்லை.

ஆனால் இதே பட்டறையிலிருந்துதான் மூடுகிற கலையும் வந்தது. ‘பட்டி பாத்து டிங்கரிங் பண்றது’ என்று மனிதர்களைப் பற்றியே கிண்டலாகச் சொல்கிறோம். உள்ளே போனதை அப்படியே விட்டுவிட்டு மேலே மெழுகுவது. தரைக்கும் அதேதான். துரு தின்ற பகுதியை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே ஒரு புதுத் தகட்டை வைத்து நாலு பொட்டு வெல்டிங். அதற்கு மேல் தார். பார்க்கக் கெட்டியாக இருக்கும். பழைய தகட்டுக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொள்ளும், தார் காய்ந்து வெடித்ததும் அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கும். எவன்ஸின் துளியை நாமே காசு கொடுத்துச் செய்துகொண்ட மாதிரி.

இதில் டிங்கரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வெட்டி எடுத்து ஒழுங்காகச் செய்தால் சீட், கார்ப்பெட், ஒயரிங் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நாலைந்து நாள் வேலை. டாக்ஸி ஓட்டுகிறவருக்கு நாலு நாள் வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு எரிவது சிரமம். ‘அடுத்த எஃப்.சி. வரைக்கும் தாங்கினா போதும்ண்ணே’ என்பவரிடம் யார் என்ன சொல்வது? எஃப்.சி. என்றாலே வண்டிக்குப் பெயின்ட் அடிப்பது என்று ஆகிப்போன ஊர் இது. அதிகாரி பார்ப்பது மேலே. துரு இருப்பது கீழே.

முடிச்சூர்

2012 ஜூலை 25. தாம்பரம் அருகே முடிச்சூரில் பள்ளிப் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி, பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து, பின்சக்கரத்தில் சிக்கி இறந்தாள். ஓட்டை ஒரு பலகையால் மூடப்பட்டிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. அந்தப் பேருந்து சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று வாங்கியிருந்தது. ஆத்திரத்தில் கூட்டம் பேருந்தைக் கொளுத்தியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது.

இப்போது ஒவ்வொரு மே மாதமும் மாவட்டந்தோறும் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்திக் கூட்டாய்வு செய்கிறார்கள். போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறை அதிகாரிகள் ஏறி இறங்குகிறார்கள். அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, தரைத்தளம் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. செய்தித்தாளில் உள்பக்கத்தில் சின்னதாக வரும் இந்தச் செய்தியைத் தாண்டிப் போய்விடுகிறோம். தரையைப் பார் என்று அந்தப் பட்டியல் சொல்வதற்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது.

அந்தப் பலகையை வைத்தவர் கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்க மாட்டார். ஓட்டை தெரிந்தது, மூடினார். பல்லாண்டு பழக்கம். ஓட்டை இருந்ததைவிட, அது பார்வையிலிருந்து மறைந்துபோனதுதான் அங்கே கொன்றது. திறந்து கிடந்திருந்தால் யாராவது ஒருவர் அந்த சீட்டில் குழந்தையை உட்காரவிட்டிருக்க மாட்டார்.

ஒரகடம்

இதே சாலையில் மேற்கே போனால் கதை மாறுகிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான், 2012-ல் டெய்ம்லரின் லாரித் தொழிற்சாலை. இந்தத் தலைமுறைத் தொழிற்சாலைகளில் துருவுக்கான பதில் ஒரு தொட்டியில் இருக்கிறது.

வெல்டிங் முடிந்த கார் கூட்டை முதலில் கழுவி, பாஸ்பேட் போன்ற ரசாயனக் குளியல் ஒன்றில் முக்குகிறார்கள். டெல்லித் தூணில் தற்செயலாக நடந்ததற்கு இது ஒருவகையில் தூரத்துச் சொந்தம். அடுத்தது பெயின்ட் தொட்டி. முழுக் கூடும் அதில் மூழ்கும். கூட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே சில நூறு வோல்ட் மின்சாரம். தண்ணீரில் மிதக்கும் பெயின்ட் துகள்கள் மின் ஈர்ப்பில் தகட்டில் போய்ப் படிகின்றன. ஓர் இடம் மூடியதும் அங்கே மின்சாரம் குறையும், துகள்கள் இன்னும் மூடாத இடத்தைத் தேடிப் போகும். தெளிப்பான் எட்டாத பெட்டிகளுக்குள்ளும் மூட்டுகளுக்குள்ளும் அப்படித்தான் பெயின்ட் நுழைகிறது. படலம் சுமார் 20 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஃபோர்டில் ஜார்ஜ் ப்ரூவர் குழு 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. முதலில் கார் கூடு நேர்மின்வாயாக இருந்தது, அதனால் இரும்பு கொஞ்சம் பெயின்டுக்குள் கரைந்தது. 1970-களில் அதைத் திருப்பிப் போட்டு எதிர்மின்வாயாக்கினார்கள். எவன்ஸின் துளியில் தப்பித்த விளிம்பின் இடத்தில் இப்போது முழுக் காரும்.

இந்தத் தொட்டிக்காகவே தரையில் ஓட்டைகள் போடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. பெயின்ட் உள்ளே போகவும் வடியவும் வழி வேண்டும். வேலை முடிந்ததும் அந்த ஓட்டைகளை ரப்பர் மூடிகளால் அடைக்கிறார்கள். பதினைந்து வருஷத்தில் ரப்பர் காய்ந்து விழுந்துவிட்டால் சாலைத் தண்ணீர் நேராகக் கார்ப்பெட்டுக்கு. புதுத் தலைமுறைக் காரிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

தண்ணீர் வரும் வழி

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தெருவில் நின்ற கார்கள் ஸ்டியரிங் வரை தண்ணீரில் கிடந்தன. 2023-ல் மிக்ஜாம் புயலும் வடசென்னையிலிருந்து வேளச்சேரி வரை அதையே செய்தது. எவ்வளவு நல்ல தொட்டியில் முக்கிய காரானாலும், கார்ப்பெட்டுக்கு அடியில் பஞ்சு ஊறியபடி விட்டால், கீறல் விழுந்த ஒவ்வொரு இடத்திலும் பழைய கதை தொடங்கும். மேலே மட்டும் துடைத்து, செண்ட் அடித்து விற்கப்பட்ட வண்டிகளை வாங்கினவர்களுக்கு அது ஒன்றிரண்டு வருஷத்தில் தெரியும்.

தரை ஈரமாக இருந்தால் முதல் வேலை தகட்டை ஒட்டுவது இல்லை. மேல ஒழுகுது, கீழ ஓட்டை. கீழ மட்டும் அடைச்சு என்ன பிரயோசனம்? ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடமாக நனைக்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் பிடிபடாது. முன்கண்ணாடி பீடிங், அதன் கீழே இலை குப்பை அடைத்த வடிகால், கதவு ரப்பர், பின்பக்க லைட்டின் ரப்பர். கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்குவது இயல்பு, கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக அது வெளியேற வேண்டும். மண் அடைத்தால் உள்ளே திரும்பும். மழையே இல்லாமல் முன்சீட்டுப் பக்கம் மட்டும் நனைந்தால் பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கும்.

ஒழுகலை நிறுத்தி, கார்ப்பெட்டை முழுக்கக் கழற்றிக் காய வைத்த பிறகுதான் தகடு. திருப்புளியால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு கணீரென்னும், போன தகடு பொதபொதவென்னும். நல்ல தகடு வரும் வரை வெட்ட வேண்டும். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் குழாயை ஒதுக்கிவிட்டுத்தான் வெல்டிங். பிறகு துத்தநாக ப்ரைமர், மூட்டுக்கு சீலர், உள்ளே கை எட்டாத பெட்டிகளுக்கு மெழுகு. சீட்டும் பெல்ட்டும் பூட்டியிருக்கும் இடத்தைச் சுற்றித் துரு என்றால் செலவைப் பார்க்காமல் செய்ய வேண்டும், முடியாவிட்டால் வண்டியை விட்டுவிட வேண்டும். மோதலில் நம்மைப் பிடித்து வைத்திருப்பது அந்தத் தகடுதான்.

சட்டம் வண்டிக்கு வருஷத்தை எண்ணுகிறது. சொந்தக் காருக்கு 15 வருஷத்தில் பதிவு புதுப்பிப்பு, அதன்பின் ஐந்து ஐந்து வருஷம். வாடகை வண்டிக்கு எட்டு வருஷத்துக்குப் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. துருவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அது தரை நனைந்திருந்த நாட்களை எண்ணுகிறது. பன்னிரண்டு வருஷ வேனின் தரை போயிருக்கலாம், இருபத்தைந்து வருஷ கார் கணீரென்று இருக்கலாம். பிரேக்கையும் புகையையும் இயந்திரம் அளந்து சொல்லிவிடும். தரையை இன்னும் ஒரு மனிதர் குனிந்து, மேட்டைத் தூக்கி, கையால் அழுத்தித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரகடம் சாலையில் ஷிப்ட் முடியும் நேரத்தில் கம்பெனி பஸ்களும் வேன்களும் வரிசையாகப் போகும். உள்ளே இருப்பவர்களில் பலர் அன்றைக்கு முழுக்கப் புத்தம்புதுத் தகடுகளைக் கையாண்டவர்கள். அவர்கள் கால் வைத்திருக்கும் தகட்டை யார் கடைசியாகப் பார்த்தார்கள் என்று ஏறும்போது கேட்பதில் தப்பே இல்லை.