கொடுங்கையும் வட்ட வாளும்

சென்ற தைத்திங்களிற் பாடியில் நம்மவர் தெரு ஒன்றில் நேர்ந்த துன்பத்தை இவ்விதழ் படிக்கும் அன்பருட் பலர் அறிவர். எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர், இருபத்துமூன்று வயதினர், பூசைமாடம் ஒன்றிற்குக் கொடுங்கை அமைக்கும்பொழுது வலக்கைப் பெருவிரலின் நுனிக்கணுவையும் சுட்டுவிரல் முழுமையையும் வட்ட வாளுக்கு இழந்தார். மருத்துவமனையில் யாம் சென்று கண்டபோது அவர் தம் வலியைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “ஐயா, நல்ல தேக்குப் பலகை வீணாய்ப் போயிற்று” என்றார்.

அவரைக் காணவந்த நம் பெரியோர் இருவகையாகப் பேசினர். ஒருசாரார், “இயந்திரம் நம் தொழிலன்று, முன்னோர் உளியே நமக்குப் போதும்” என்றனர். மற்றொருசாரார், “விரல் போவது இத்தொழிலில் உள்ளதுதானே” என்றனர். இவ்விரு கூற்றும் நம் மரபின் வரலாற்றிற்குப் பொருந்தா என்பதே எம் துணிபு. அதனை ஒருவாறு விளக்குதற்கு இக்கட்டுரை எழுந்தது.

கொடுங்கை என்பது யாது? கட்டடத்தின் மேல் விளிம்பிற் புறம் குவிந்தும் அகம் குழிந்தும் வளைந்து இறங்கும் உறுப்பே கொடுங்கை. சிற்ப நூலார் இதனைக் கபோதம் என்பர். மழைநீர் சுவரில் வழியாது அப்பால் விழவும், கண்ணுக்கு நிழலும் ஒளியும் மாறி மாறித் தோன்றவும் இவ்வளைவு உதவும். இற்றைநாளிற் பூசைமாடத்தின் தலையிலும், நிலையின் மேற்சட்டத்திலும், அலமாரியின் நெற்றியிலும் தச்சர் அமைக்கும் உட்குழிவெல்லாம் இதன் வழித்தோன்றல்களே.

இவ்வளைவு முதற்கண் கல்லிற் பிறந்ததன்று, மரத்திற் பிறந்தது. ஏழாம் நூற்றாண்டிற் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய இவையின்றி அமைத்த கோயில் எனத் தன் கல்வெட்டில் வியந்து பொறித்தான். அவ்வியப்பொன்றே, அவன் காலம்வரை கோயில்கள் பெரும்பாலும் அப்பொருள்களால் ஆயின என்பதைக் காட்டும். கல் வந்த பின்னரும் கற்றச்சர் மரத்தின் வடிவை விட்டாரல்லர். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிற் கொடுங்கையை அண்ணாந்து நோக்கினார் இதனை ஐயமற அறிவர். ஆங்கே மரக்கை வரிசைகளும், அவற்றைப் பிணிக்கும் சட்டங்களும், அடித்த ஆணியின் குமிழும் யாவும் கல்லாலேயே செதுக்கப்பட்டுள்ளன.

நம் பாடியிலும் இதற்குச் சான்று இல்லாமலில்லை. திருஞானசம்பந்தர் முதல் திருமுறையில் மூன்றாம் பதிகத்தாற் பாடிய திருவலிதாயம் இவ்வூரே. அங்குள்ள வல்லீசுவரர் கோயிலின் விமானம் தூங்கானை மாடம். அஃதாவது பின்புறம் படுத்த யானையின் முதுகுபோல வளைந்தது. நேர்கோட்டிற் கட்டுதலினும் வளைவிற் கட்டுதல் அரிது. கல்லின் ஒவ்வோர் அடுக்கையும் அவ்வளைவிற்கேற்பச் செதுக்கிப் பொருத்தவேண்டும். நாள்தோறும் அக்கோயிலைக் கடந்து பட்டறைக்குச் செல்லும் நம் இளைஞர், ஒருநாள் பின்புறம் சென்று நின்று அதனை நோக்குவாராக.

அரியதைச் செய்யும் முறை பற்றியும் நம் பழைய நூல் ஒன்று கூறுகின்றது. புறநானூற்று 87-ஆம் பாட்டில் ஔவையார் அதியமானைப் பகைவர்க்கு அறிமுகஞ் செய்யுங்கால் ஒரு தச்சனை உவமை காட்டுகின்றார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்லவன் அவன். அத்தகையவன் ஒரு திங்கள் முழுதும் கருதிச் செய்த ஒரேயொரு தேர்க்காலைப் போன்றவன் எம் தலைவன் என்பது பொருள். இதனைக் கணக்கிட்டுப் பார்மின்: முப்பது நாளில் 240 தேர் செய்யும் ஆற்றலுடையான், வட்டவடிவான உறுப்பொன்றிற்கு அவ்வளவு காலத்தையும் கொடுத்தான். அவனுக்கு விரைவு தெரியும். எங்கே விரையலாகாது என்பதும் தெரியும். இவ்விரண்டாவது அறிவே தச்சன் அறிவு என யாம் கொள்கின்றோம்.

உட்குழிவைப் பழந்தச்சர் எங்ஙனம் அமைத்தனர்? குழிவின் வடிவைத் தகட்டில் வெட்டி அளவாக வைத்துக்கொள்வர். நகவுளியாற் பருவெட்டாகக் குடைவர். பின்னர் அடி குவிந்த இழைப்புளியால் இழைத்து, முடிவிற் சுரண்டித் தேய்ப்பர். நான்கு முழச் சட்டத்திற்கு ஒருநாள் செல்லும். ஆயினும் உளி ஒரு தட்டிற்கு ஒருகாற்றான் நகரும். தவறினும் நகத்தளவு காயமே.

இனி வட்ட வாளின் வரலாற்றைக் காண்போம். இங்கிலாந்திற் சௌதாம்ப்டன் நகரினரான சாமுவேல் மில்லர் என்பார் 1777-இற் பெற்ற காப்புரிமையில் வட்ட வாள் குறிக்கப்பட்டுள்ளது. 1793-இற் சாமுவேல் பெந்தாம் மரவேலை இயந்திரங்கள் பலவற்றிற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திற் போர்ட்ஸ்மத் கப்பற்றளத்தில் மார்க் புரூனெல் வகுத்த இயந்திரங்கள் கப்பற் கப்பிகளைச் செய்யத் தொடங்கின. 110 கைவினைஞர் செய்த வேலையை 10 பேர் செய்தனர் எனக் கணக்கிட்டனர்.

நம் நாட்டிற்கு இவ்வலை இருப்புப்பாதையோடு வந்தது. 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னாட்டின் முதற் புகைவண்டி ஓடியது. அப்பாதை நம் பாடிக்கு வடக்கே கொரட்டூர் வழியாகவே செல்கின்றது. அந்நாளிற் பெட்டிகள் மரத்தாலானவை. பெரம்பூர்ப் பணிமனையிற் பெட்டி கட்டும் வேலை மரவேலையாகவே நடந்தது. 1955 அக்டோபர் 2-இற் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை தொடங்கப்பட்ட பின் எஃகுப் பெட்டிகள் பெருகின. 1960-களிற் பாடியிலும் அம்பத்தூரிலும் ஆலைகள் எழுந்தன. இவ்வாறு ஊர் மாறியபோது, பெரிய ஆலையில் இருந்த இயந்திரத்தின் சிறுவடிவங்கள் தெருப்பட்டறைக்கும் வந்துசேர்ந்தன. ஆனால் ஆலையின் காப்புவிதிகள் அவற்றோடு வந்தில.

விதிகள் வந்த வரலாறும் நினைக்கத்தக்கது. 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 100 பேர் பணிசெய்யும் இடத்தையே தொழிற்சாலை எனக் கொண்டது. 1891-இல் அவ்வெண் 50 ஆயிற்று, 1922-இல் 20, 1948-இல் மின்விசையோடு 10. சுழலும் உறுப்பிற்கு வேலி வேண்டும் என 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தன் 21-ஆம் பிரிவிற் பணித்தது. அதன்கீழ் எழுந்த விதிகள், வட்ட வாளின் பின்னே பிளவுக் கத்தியும், மேலே மூடியும், கையருகே தள்ளுகோலும் இருத்தல் வேண்டுமென வகுத்தன. மூவரும் நால்வரும் கூடிய நம் பட்டறைக்கு அதிகாரியின் கண் எளிதிற் செல்வதில்லை. ஆதலின் நாமே நமக்கு அதிகாரியாதல் வேண்டும்.

நிற்க. வட்ட வாளில் உட்குழிவு எங்ஙனம் ஆகின்றது? பலகையை வாளுக்கு நேராகச் செலுத்தினால் வாளின் தடிப்பளவே பள்ளம் விழும். சாய்த்துச் செலுத்தினாலோ, வட்டத்தின் வளைவே பலகையிற் பதியும். 10 அங்குல வாளை மேசைக்குமேல் 1 அங்குலம் உயர்த்தினால், மேசைமட்டத்தில் அதன் நீளம் 6 அங்குலம். பலகை 30 பாகை சாய்வில் வாளைக் கடந்தால், அதிற் பாதியாகிய 3 அங்குல அகலமும் 1 அங்குல ஆழமும் உள்ள குழிவு கிடைக்கும். சாய்வு மிகுந்தால் அகலம் மிகும். இஃது அழகிய கணக்கு. நம் பிள்ளைகட்குப் பள்ளியிலேயே கற்பிக்கத் தக்கது.

இவ்வேலையின் இடுக்கண் எங்குள்ளது என்பதையும் அறிதல் வேண்டும். முதலாவது, பலகை சாய்ந்து செல்வதாற் பிளவுக் கத்தியும் மூடியும் வழிமறிக்கும். அவற்றைக் கழற்றியே ஆகவேண்டும். ஆகவே, காவல் மிக வேண்டிய பொழுதிற் காவல் இல்லை. இரண்டாவது, வாள் நேரே அறுப்பதற்கு அமைந்தது. ஈண்டு அது பக்கவாட்டிற் சுரண்டுகின்றது. மிக ஆழமாகக் கொடுத்தால் வாள் நெளியும், பலகையைப் பற்றி எறியும். 10 அங்குல வாள் நிமிடத்திற்கு 2,900 முறை சுழன்றால், பல்லின் விரைவு விநாடிக்கு ஏறத்தாழ 38 மீட்டர். கண்ணிமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மூன்றாவது, வாள் பலகைக்கு அடியில் மறைந்திருத்தலால், கை அதற்கு நேர்மேலே இருப்பதைத் தொழிலாளி உணரார். குழிவு ஆழ ஆழ, கைக்கும் பல்லுக்கும் இடையே உள்ள மரம் மெலிந்துகொண்டே வரும்.

எம் மாணாக்கர்க்கு நேர்ந்ததும் இதுவே. மாலைக்குள் முடிக்கவேண்டிய வேலை. ஒவ்வொரு முறையும் வாளைக் கால் அங்குலம் உயர்த்தினார். சாய்வுச் சட்டத்தை ஒருமுனையில் மட்டும் இறுக்கியிருந்தார். அது நழுவிற்று, பலகை திரும்பி எறியப்பட்டது, மேலே அழுத்தியிருந்த கை வாளின்மேல் விழுந்தது. தள்ளுகட்டை அப்பட்டறையில் இருந்ததேயில்லை.

இனிச் செய்யத்தக்க முறையைக் கூறுவாம். பட்டறைகளில் நெடுநாள் பழகிய மூத்த தச்சரிடம் கேட்டும், எம் கண்முன் செய்யக் கண்டும் எழுதுகின்றோம். ஒரு முழத்திற்குக் குறைந்த துண்டை வட்ட வாளில் ஒருபோதும் குடையற்க. நீளச் சட்டத்திற் குடைந்து பின்னர் நறுக்குக. மெல்லிய தகட்டு வாளை விலக்கித் தடித்த தகடும் கூரிய பல்லும் உள்ள வாளையே பூட்டுக. மேசைக்கு மேலே தோன்றும் பல் தொழிலாளியை நோக்கியே ஓடும். ஆதலின் அவ்விசை பலகையைச் சாய்வுச் சட்டத்தின்மேல் அழுத்துமாறு, சட்டம் தாம் நிற்கும் பக்கத்தில் அமைய வேண்டும். அதனை இருமுனையிலும் இறுக்குக. எதிர்ப்பக்கத்தில் இணையாக மற்றொரு சட்டமும் பிணித்தாற் பலகை திரும்ப இடமிராது.

ஒவ்வொரு முறையும் பதினாறில் ஓர் அங்குலமே வாளை உயர்த்துக. 1 அங்குல ஆழத்திற்குப் பதினாறு முறை செலுத்தவேண்டும், கடுமரமாயின் முப்பத்திரண்டு. கடைசி முறையை இன்னும் மெல்லியதாகவும் மெதுவாகவும் செலுத்தினால் தேய்க்கும் உழைப்பு குறையும். கையால் நேரே அழுத்தாது, கைப்பிடியும் அடியில் ரப்பரும் உள்ள தள்ளுகட்டைகள் இரண்டைக் கொள்க. வாளின் கோட்டிற்கு நேர்மேலே அவையும் செல்லலாகாது. குழிவின் அடியிற் போதிய தடிப்பு எஞ்சுமாறு பலகையை முன்னரே தேர்க. கண்ணாடி அணிக, கையுறை, தொங்கும் துண்டு, மோதிரம் ஆகாவாம். வேலை முடிந்தவுடன் கத்தியையும் மூடியையும் மீளப் பூட்டுக. நாளை பூட்டுவோம் என்று விட்டவை பூட்டப்படுவதில்லை. எஞ்சிய கரடுமுரடை நகவுளியும் சுரண்டியும் தீர்க்கும். ஈண்டே முன்னோர் உளி தன் இடத்தைப் பெறுகின்றது.

தோல் பட்டவுடன் வாளை நொடியில் நிறுத்தும் அமைப்பொன்றை 1999-இல் அமெரிக்கராகிய ஸ்டீபன் காஸ் உருவாக்கினார். அது நம் பட்டறைக்கு வரும் நாள் வருக. அதுவரை பதினாறு முறை செலுத்தும் பொறுமையே நம்மிடம் உள்ள அமைப்பு.

1923-இல் இயற்றப்பட்டுப் பின் திருத்தம் பெற்ற இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிற் பெருவிரல் நுனிக்கணுவிற்கு நூற்றுக்கு 20, சுட்டுவிரல் முழுமைக்கு 14 என ஈட்டுந்திறன் இழப்பு வகுக்கப்பட்டது. கூட்டினால் 34. ஆயின் அப்பட்டறையில் வருகைப்பதிவும் இல்லை, கூலிச்சீட்டும் இல்லை. தாம் அங்கே பணிசெய்ததையே அவ்விளைஞர் மெய்ப்பிக்க இயலாமல் நிற்கின்றார். பட்டறை உடையவரும் நம்மவரே, அவரும் நல்லவரே. எனினும் உறவின்பேரில் எழுத்தை விட்டோம். இழந்தவர்க்கு அவ்வுறவு இதுவரை துணைபுரியவில்லை.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பம். ஆண்டுவிழா விருந்துச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்து, பாடிப் பகுதியில் உள்ள நம் பட்டறை ஒவ்வொன்றிற்கும் தள்ளுகட்டை இரண்டும் இறுக்கிகள் நான்கும் வழங்குக. மூத்த தச்சர் ஒருவரைக்கொண்டு திங்கள்தோறும் ஒரு ஞாயிறன்று இளைஞர்க்குச் செய்துகாட்டுக. நம்மவர் பட்டறை யாவும் பணியாளர் பெயரும் கூலியும் எழுதிய ஏடொன்று வைக்குமாறு தீர்மானம் இயற்றுக.

எம் மாணாக்கர் இப்பொழுது இடக்கையால் வரையப் பழகுகின்றார். சென்ற வாரம் எம் இல்லத்திற்கு வந்து ஒரு தாளைக் காட்டினார். வல்லீசுவரர் கோயில் விமானத்தின் பின்வளைவு அதில் இருந்தது. கோடு சற்றே நடுங்கியிருந்தது. “எத்தனை நாள் ஆயிற்று?” என்றோம். “பதினோரு நாள், ஐயா” என்றார். அவ்விமானத்தைக் கட்டினார்க்கு எத்தனை நாள் ஆயிற்றோ என எண்ணிக்கொண்டு, அத்தாளை வாங்கி எம் மேசைமேல் வைத்துள்ளோம்.