பெர்க்லி பாக்கெட் ஃபில்டர்

இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே பயனர் தரும் சிறு நிரலை ஆபத்தின்றி ஓட்டும் ஏற்பாடு. பிபிஎஃப் என்ற சுருக்கப் பெயரே பெருவழக்கு. கெர்னல் ஒருபுறம், மற்ற நிரல்கள் ஓடும் பயனர்வெளி மறுபுறம் என்று செயலி காத்துவரும் எல்லையை இது நெகிழ்த்தியது.

இதற்கு முன்னோடி 1980இல் உருவான சிஎம்யூ/ஸ்டான்ஃபோர்டு பாக்கெட் வடிகட்டி. பிடிபி-11 கணினிக்கென வகுக்கப்பட்ட அது அடுக்கு முறையில் இயங்கியது.

பிபிஎஃப்பை வடிவமைத்தவர்கள் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேக்கப்சன். தோற்ற ஆண்டை 1992 என்பாரும் 1993 என்பாரும் உண்டு. இருவரின் கட்டுரையில் உள்ள தேதி 1992 டிசம்பர்; அது யூஸ்நிக்ஸ் மாநாட்டில் வாசிக்கப்பட்டது 1993 ஜனவரியில். அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் எளிமையானது. வலைப்பின்னலில் தரவு பாக்கெட்டுகள் எனும் சிறு துண்டுகளாகச் செல்கிறது; அதைக் கண்காணிக்கும் நிரலுக்கு வேண்டியவை அவற்றில் ஒருசிலவே. சன் நிறுவனத்தின் என்ஐடி ஏற்பாடோ எல்லாவற்றையும் முதலில் நகலெடுத்துவிட்டுப் பிறகுதான் வடிகட்டியது. பிபிஎஃப், பாக்கெட் வந்து விழுந்த இடத்திலேயே அதைச் சோதித்து, வேண்டாததை நகலெடுக்காமலே விட்டுவிடும்.

சோதனையைச் செய்வது கெர்னலுக்குள் இருக்கும் ஒரு கற்பனைப் பொறி. அதற்கு இரண்டே பதிவேடுகள்: கணக்கிட ஒன்று, இடம் சுட்ட ஒன்று. ஐபி பாக்கெட்டுகளை மட்டும் பிடிக்க நான்கு கட்டளைகள் போதும். ஈதர்நெட் சட்டகத்தின் 12ஆம் இடத்திலிருந்து இரண்டு பைட்டுகளை எடு; 2048 உடன் ஒப்பிடு; ஒத்தால் இத்தனை பைட் வேண்டும் எனத் திருப்பு; இல்லையேல் சுழியத்தைத் திருப்பு. அழகு இதன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தாவல்கள் முன்னோக்கி மட்டுமே செல்லலாம். ஆகவே எந்த வடிகட்டியும் முடிவின்றிச் சுழல முடியாது. அந்நிய நிரலைக் கெர்னல் நம்பி உள்ளே விட இந்தச் சிறு விதியே வழிசெய்தது. ஒரே வன்பொருளில் பழைய சிஎம்யூ/ஸ்டான்ஃபோர்டு வடிகட்டியைவிட 1.5 முதல் 20 மடங்கு வேகம் கிடைத்ததாக ஆசிரியர்கள் அளந்து எழுதினர். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவி வழியே இது பரவியது.

1997இல் பிபிஎஃப் லினக்ஸ் கெர்னலுக்கு வந்தது. 2011இல் வடிகட்டியை நேரடி எந்திர மொழியாக மாற்றும் வசதியும் சேர்ந்தது.

2014இல் அலெக்ஸி ஸ்டாரொவோய்டொவ் முன்னெடுத்த விரிவாக்கமான இபிபிஎஃப் லினக்ஸ் 3.18இல் இடம்பெற்றது. 64 பிட் பதிவேடுகள் பதினொன்று. நிரல் ஓடும் முன்பே அதன் பாதைகளை ஆராயும் சரிபார்ப்பான் ஒன்று. 4096 கட்டளைகள் என்ற வரம்பு 2019இல் பத்து லட்சமாக உயர்ந்தது. கெர்னலின் நடத்தையைத் தனி நிரல்களால் மாற்ற முடிவதால் லினக்ஸ் மைக்ரோகெர்னலை நெருங்குகிறது என்று சிலர் கருதுகின்றனர். மைக்ரோகெர்னல் பணிகளைக் கெர்னலிலிருந்து பயனர்வெளிக்குத் தள்ளுகிறது, இபிபிஎஃப்போ கெர்னலுக்குள் இழுக்கிறது என்பது மறுப்போர் வாதம். 2018இல் வெளியான, செயலிகளின் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பின், பல லினக்ஸ் வெளியீடுகள் சாதாரணப் பயனருக்கு இபிபிஎஃப் வசதியை மூடிவைத்தன.

2024இல் வெளிவந்த லினக்ஸ் 6.12, எந்தப் பணி எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரையே இபிபிஎஃப் நிரலாக எழுத இடமளித்தது. அந்நிரல் பழுதானால் கெர்னல் தன் வழக்கமான ஷெட்யூலருக்குத் திரும்பிவிடும்.