விளம்பர எழுத்தாளர் படைப்புத் தொகுப்பு

விளம்பர எழுத்தாளர் பணியை நாடுவோர் தம் திறனைக் காட்டத் திரட்டும் மாதிரி விளம்பரங்களின் தொகுதி படைப்புத் தொகுப்பு அல்லது போர்ட்ஃபோலியோ எனப்படும். விளம்பர நிறுவனங்களின் படைப்பாக்கப் பிரிவுகள் பொதுவாகப் பட்டத்தைவிட இதற்கே முதன்மை அளிக்கின்றன.

உள்ளடக்கம்

வேலை இருந்தால்தான் விளம்பரம் எழுதலாம். எழுதிய விளம்பரம் இருந்தால்தான் வேலை கிடைக்கும். இச்சிக்கலைத் தீர்ப்பவை ஸ்பெக் விளம்பரங்கள். இவை யாரும் கேட்காமலேயே, சந்தையில் உள்ள பொருட்களுக்குப் பயிற்சியாக எழுதப்படுபவை. ஒரு கருத்து ஒரு தலைப்புடன் முடிந்துவிடாது என்று காட்ட, ஒரே பொருளுக்குத் தொடராகச் சில விளம்பரங்கள் அமைக்கப்படுகின்றன. இவை வெளிவந்தவை அல்ல என்பதைத் தெளிவாகக் குறிப்பிடல் வேண்டும்.

கூட்டுப்பணி

1949 இல் நியூயார்க்கில் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரான வில்லியம் பெர்ன்பாக், எழுத்தாளரையும் கலை இயக்குநரையும் இணையராகப் பணியாற்றச் செய்தார். அங்கு 1959 இல் உருவான வோக்ஸ்வாகன் விளம்பரங்கள் எழுத்தாளர் ஜூலியன் கோனிக், கலை இயக்குநர் ஹெல்மட் குரோன் ஆகியோரின் கூட்டுப் படைப்பாகும். இம்முறை பரவியதால், வரையத் தெரியாத எழுத்தாளர்கள் கலை இயக்குநராக விரும்பும் ஒருவருடன் சேர்ந்து தொகுப்பை உருவாக்குவதும் உண்டு.