சமாதானம்

சமாதானம் என்பது பிணங்கியவர்களை இணக்குதல், சினமோ துயரமோ கொண்டவரைத் தணித்தல், போர் ஓய்ந்த நிலை ஆகியவற்றைக் குறிக்கத் தமிழில் வழங்கும் வடசொல்லாகும். 'சம்', 'ஆ' என்னும் முன்னொட்டுகளோடு 'வைத்தல்' எனப் பொருள்படும் 'தா' என்னும் வினையடி சேர்ந்து பிறந்த இச்சொல்லுக்கு, சிதறியவற்றை ஒருசேர வைத்தல் என்பதே அடிப்படைப் பொருள். சமாதி, சந்தி ஆகியவையும் இவ்வடியிலிருந்தே தோன்றின. பகைவரை உடன்படச் செய்வதைக் குறிக்கும் 'சந்து செய்தல்' என்னும் பழைய வழக்கிலுள்ள சந்து, சந்தியின் திரிபு.

அரசியல் நூல்கள் கூறும் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களுள் முதலிரண்டும் கூடியதே சமாதானம் என்று பிரித்துக் காட்டுவது கேட்க நன்றாயிருப்பினும் பொருந்தாது. கொடையைக் குறிக்கும் தானத்தின் முதலெழுத்தும் இச்சொல்லின் தகரமும் வடமொழியில் வெவ்வேறு ஒலிகள். தமிழில் இரண்டுக்கும் ஓரெழுத்தே இருப்பதால் இம்மயக்கம் நேர்கிறது.

வேதாந்த நூல்களில் இது சண்டை நீங்குதலைக் குறிப்பதில்லை. ஞானம் நாடுவோனுக்கு வேண்டிய ஆறு தகுதிகளுள் ஒன்றாக, அலையும் மனத்தை ஒரு பொருளில் நிறுத்துவதே அங்குச் சமாதானம் எனப்படுகிறது. தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதத்திலும் இச்சொல் இப்பொருளிலேயே வருகிறது. தருக்கத்திலும் உரைநூல்களிலுமோ, எழுப்பப்பட்ட ஐயத்துக்கு, அதாவது ஆசங்கைக்கு, இறுக்கப்படும் விடை சமாதானமாகும்.

இந்த விடைப்பொருளே பேச்சுவழக்கில் சற்றுத் தரம் தாழ்ந்து நிற்கிறது எனலாம். அழும் குழந்தையை இடுப்பில் தூக்கி, காக்கையைக் காட்டித் தேற்றுவது 'சமாதானப்படுத்துதல்'. தாமதமாக வந்தவர் பேருந்தின்மேல் பழிபோட்டு ஏதோ கூறி ஒப்பேற்றுவது 'சமாதானம் சொல்லுதல்'. வினை மாறியதும் ஆறுதல் சாக்குப்போக்காகிவிடுகிறது.

'அமை' என்னும் தமிழ் வினையடியிற் பிறந்த 'அமைதி' இதற்கு நிகராக வழங்கினும் இரண்டும் ஒன்றல்ல: தனியே அமர்ந்திருப்பவர் அமைதியாக இருக்கலாம், சமாதானமாகப் போவதற்கோ எதிரே இன்னொருவர் வேண்டும். தமிழ் விவிலியத்தின் வழியாகக் கிறித்தவ வழிபாட்டிலும் வாழ்த்திலும் இச்சொல் வேரூன்றியது. இலங்கையில் ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் 'சமாதான நீதவான்' என்னும் பதவிப் பெயரிலும் அது நிலைத்துள்ளது. மலையாளத்திலும் சமாதானம் என்றால் அமைதியே. தெலுங்கிலோ வினாவுக்கு மாணவர் எழுதும் விடைக்கே அப்பெயர்.