ஓய்வுநாள் யாருக்கு? பட்டியலில் இல்லாத அம்மா

ஓய்வுநாள் பாடசாலையில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் பண்ணின ஆக்கள் எங்களுக்குள்ள கனபேர். அதில் ஓய்வுநாளைப் பற்றின கட்டளைதான் நீளமானது. மெதடிஸ்தரும் அங்கிலிக்கன்காரரும் அதை நாலாம் கட்டளை என்பார்கள், கத்தோலிக்கர் மூன்றாம் கட்டளை என்பார்கள். எண் எதுவானாலும் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஏழாம் நாளில் யார் யார் வேலை செய்யக்கூடாது? நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் மிருகங்கள், உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியன்.

மாட்டுக்கும் இடம் இருக்கிறது. மனைவி என்றோ அம்மா என்றோ ஒரு சொல் இல்லை.

"நீ" என்றதுக்குள் மனைவியும் அடக்கம் என்று விளக்குகிற வேத அறிஞர்கள் இருக்கிறார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் எங்கட வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பார்த்தால், அம்மா அந்தப் பட்டியலுக்கு வெளியிலதான் நிண்டவ. விடிய எழும்பி இடியப்பம் அவிச்சு, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, ஆராதனைக்குப் போய், வந்த கையோட உடுப்பும் மாத்தாமல் இறைச்சிக்கறிக்கு வெங்காயம் உரிக்கிறவ. நாங்கள் சாப்பிட்டுப் படுப்பம். கோப்பைகள் தொட்டிக்குள்ள கிடக்கும். ஓய்வுநாளில்தான் அவவுக்கு வேலை கூட. இது எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்பம்.

ஓய்வுக்கு முதலே ஒரு வேலை இருக்கிறது என்பதை வேதாகமமே ஒளிக்கவில்லை. வனாந்தரத்தில் மன்னா கிடைத்தபோது, ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்து, சுடுவதைச் சுட்டு அவிப்பதை அவித்து வைக்கச் சொல்லப்பட்டது. ஏழாம் நாள் அடுப்பு ஓய்ந்திருக்க வேண்டுமென்றால் ஆறாம் நாள் அது இரண்டு மடங்கு எரிய வேண்டும். கி.பி. 321இல் உரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தைன் ஞாயிறை ஓய்வுநாளாக்கிச் சட்டம் போட்டார். நீதிபதிகளும் நகரத்து மக்களும் தொழிற்கூடங்களும் ஓய வேண்டும். விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் பயிர் நாள் பார்த்து நிற்காது. குசினியைப் பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சே இல்லை. அதை ஒரு வேலை என்று ஆரும் எண்ணவில்லை.

எங்கட நாட்டிலும் சட்டம் ஒருமுறை ஓய்வுநாளை மாத்திப் பார்த்தது. 1966இல் இருந்து 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறை இல்லை, போயா நாட்கள்தான் வார விடுமுறை. ஞாயிறு வேலை நாளாகப் போனது கிறிஸ்தவர்களுக்குப் பெரிய மனவருத்தம். 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. விடுமுறை எந்த நாளுக்குப் போனாலும், அந்த நாளில் வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் மதியச் சாப்பாடு வேணும். அதை ஆர் சமைக்கிறது என்று 1966உம் கேட்கவில்லை, 1971உம் கேட்கவில்லை.

அப்ப கிறிஸ்தவத் தாய்மார் ஓய்வை எப்படித்தான் எடுத்தார்கள்? இந்தக் கேள்விக்கு அடிக்கடி சொல்லப்படுகிற பெயர் சுசானா வெஸ்லி (1669–1742). மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கின ஜோன் வெஸ்லியின் அம்மா. இங்கிலாந்தில் எப்வேர்த் என்ற ஊரில் ஒரு குருவானவரின் மனைவி. 19 பிள்ளைகளைப் பெற்றார், 10 பேர்தான் வளர்ந்து பெரியாக்கள் ஆனார்கள். புருஷன் கடனுக்காக 1705இல் சிறையில் இருந்தார். 1709இல் வீடு எரிந்தது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காலையில் மூன்று மணித்தியாலம், பின்னேரம் மூன்று மணித்தியாலம் பாடம் நடத்தினார்.

அவரைப் பற்றிப் பரம்பரையாகச் சொல்லப்படுகிற கதை ஒன்று உண்டு. செபம் பண்ண ஒதுங்க இடமில்லாத வீட்டில், இடுப்பில் கட்டின ஏப்ரனைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்வாராம். அம்மா ஏப்ரனுக்குள்ள இருந்தால் கூப்பிடக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். அன்னையர் தினப் பிரசங்கங்களுக்கு வசதியான கதை.

எங்களுக்கு அதைவிட முக்கியமாய்ப் பட்டது, 1712இல் அவர் புருஷனுக்கு எழுதின கடிதத்தில் உள்ள ஒரு நேர அட்டவணை. ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு பிள்ளையோட தனியாகக் கதைப்பதற்கு நேரம் பிரித்திருந்தார். வியாழக்கிழமை ஜோனுக்கு, சனிக்கிழமை சார்ள்ஸுக்கு, ஞாயிற்றுக்கிழமை மூத்த மகள்மார் இரண்டு பேருக்கு. (வளர்ந்த பிறகும் ஜோன், அந்த வியாழன் இரவில் கொஞ்சத்தைத் தனக்குத் தரச்சொல்லி அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்.) அதே காலத்தில் புருஷன் லண்டன் போயிருக்க, ஞாயிறு பின்னேரங்களில் அவர் வீட்டில் பிரசங்கம் வாசிக்க, கேட்க வந்த ஊராட்கள் 200 பேருக்கு மேல் ஆனார்கள். ஏழு நாளும் நிரம்பிவிட்டது. அவருக்கென்று ஒரு கிழமை கூட அந்த அட்டவணையில் இல்லை. அதனால்தான் ஒரு முழு நாளை எதிர்பார்க்காமல், ஒவ்வொரு நாளிலும் கொஞ்ச நேரத்தைப் பிடுங்கி எடுத்து, அதற்கு வேலி போட்டார்.

ஆனால் சுசானாவைக் காட்டி எங்கட அம்மாமாரிடம் "அவவால ஏலுமென்றால் உங்களால ஏலாதா?" என்று கேட்பது அநியாயம். அந்த வீட்டில் பணிப்பெண்கள் இருந்தார்கள். ஏப்ரனுக்குள் ஒரு தாய் கண்ணை மூடின நேரம், சட்டியை வேறொரு பெண் பார்த்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் ஓய்வைப் பற்றி ஆரும் கதை சொல்வதில்லை.

வெஸ்லியின் மெதடிஸ்தம் 1814இல் இலங்கைக்கு வந்தது. காலியில் இறங்கின மிஷனரிமாரில் லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் வந்தார்கள், ஓல்ற் மட்டக்களப்புக்குப் போனார். இரண்டு வருஷத்தால் அமெரிக்க மிஷனும் யாழ்ப்பாணம் வந்தது. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் எங்கட பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் புத்தகமும் கிடைத்தது சின்ன விசயம் இல்லை. ஆனால் அப்பள்ளியின் நோக்கங்களில் ஒன்று, வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த ஆண்களுக்குக் கிறிஸ்தவ மனைவியரை உருவாக்குவது. வேதப்பாடத்தோட தையலும் இருந்தது. நல்ல கிறிஸ்தவ வீடு என்பதே ஒரு சாட்சி, அந்தச் சாட்சியைத் துப்புரவாய் வைத்திருப்பது பெண்ணின் ஊழியம் என்றாகியது. வேலை ஊழியமாகிவிட்டால் "எனக்குக் களைக்குது" என்று சொல்லுகிறதே பாவம் மாதிரி ஆகிவிடும். ஹரியற்றும் 1833இல், 36 வயதில், உடுவிலிலேயே இறந்துபோனார்.

இதற்கு வேறொரு பதில் சொன்னவரும் ஒரு மெதடிஸ்தத் தாய்தான். இன்றைக்கு மேற்கு வேர்ஜீனியா எனப்படும் அமெரிக்கப் பகுதியில் 1858இல் ஆன் றீவ்ஸ் ஜார்விஸ் தாய்மார் கழகங்களைத் தொடங்கினார். பத்துக்கு மேல் பிள்ளைகளைப் பெற்று, 4 பேரை மட்டும் வளர்த்தெடுக்க முடிந்தவர் அவர். சுத்தமான தண்ணீர், பால், மருந்து என்பவற்றுக்காக அந்தக் கழகங்கள் வேலை செய்தன. அதோட இன்னொன்றும் செய்தன. அம்மாவுக்குக் காசநோய் வந்த வீடுகளில் வேலை செய்ய, காசு சேர்த்து, சம்பளத்துக்குப் பெண்களை அமர்த்தின. "படுத்து ஓய்வெடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகாமல், ஓய்வெடுக்க வேண்டுமென்றால் அந்த வேலையை இன்னொருவர் கூலியோடு எடுக்க வேணும் என்று விளங்கிச் செய்த காரியம் இது.

அவருடைய மகள் அனாதான் 1908 மே 10இல் கிராப்டன் ஊரின் மெதடிஸ்த ஆலயத்தில் அம்மாவின் நினைவாக ஆராதனை ஒழுங்கு செய்தவர். 1914இல் அது அமெரிக்காவில் அன்னையர் தினமாக அறிவிக்கப்பட்டது. பிறகு வாழ்த்து அட்டைக்காரரும் பூக்கடைக்காரரும் அதைக் கையில் எடுத்ததைப் பார்த்து, கடைசிவரைக்கும் எதிர்த்துச் சண்டை பிடித்தார். தாய்மார் கழகத்தை ஆரும் ஞாபகம் வைக்கவில்லை. அட்டைதான் நிண்டது. எங்கட சேர்ச்சுகளிலும் அந்த ஞாயிறு அம்மாமாருக்குப் பூக் குடுக்கிறம். பூவோட வீட்டுக்கு வந்து அவவே சமைக்கிறா.

லூக்கா 10ஆம் அதிகாரத்து மார்த்தாள், மரியாள் கதையை இந்த இடத்தில் திரும்ப வாசித்துப் பார்த்தம். வழமையாக மார்த்தாளுக்குப் பேச்சு விழுகிற கதை அது. ஆனால் மார்த்தாள் கேட்டது என்ன? தனியாய் வேலை செய்கிறன், தங்கச்சியை உதவச் சொல்லுங்கோ என்றுதான். அவ கேட்டது பங்கு. மரியாள் இருந்து கேட்டது சரிதான். ஆனால் அந்த வீட்டில் வேறு ஆரும் எழும்பி அடுப்படிக்குப் போனதாக லூக்கா எழுதவில்லை. அந்த இடம் இன்னும் வெறுமையாய்த்தான் கிடக்கு.

அதை நிரப்ப வேண்டியது நாங்கள்தான். வயது வந்த மகன்மார், மகள்மார், அப்பாமார். ஞாயிறு மதியம் ஒரு கறியும் சோறும் எங்களால் ஏலாத வேலை இல்லை. சனிக்கிழமையே மரக்கறி வெட்டி வைக்கலாம். இறைச்சி இல்லாத ஞாயிறும் ஞாயிறுதான். "அம்மா, நீங்கள் போய்ப் படுங்கோ" என்று சொன்னால் மட்டும் அவ படுக்க மாட்டா, பத்து நிமிசத்தில் "உப்புப் போட்டியளோ?" என்று கேட்டுக்கொண்டு வருவா. அப்பவும் கரண்டியைத் திருப்பிக் குடுக்காமல் நிற்க வேணும். எத்தனையோ வருஷப் பழக்கம், ஒரு கிழமையில் விடாது. இந்த ஞாயிறு தொடங்குவம்.