பன்னிரண்டு படக் கணக்கு

நம் குடியிருப்பில் சென்ற தை மாதம் நடந்த ஒரு கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார்கள் என்று சொன்னார்கள். 1983 ஆவணியில் பாகூரில் என் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தபோது என் கையில் இருந்தது பன்னிரண்டு படத்துக்கான ஒரே ஒரு ரோல். வங்கியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மாமாவிடம் கேமராவை இரவல் வாங்கியிருந்தேன். அந்தப் பன்னிரண்டின் கணக்கை நம் இதழில் எழுதி வைக்க ஆசை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. புகைப்படம் எடுக்கும் முறை 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்டது. 1856இலேயே சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அது துரைமார்களின் பொழுதுபோக்கு. நம்மைப் போன்ற குடும்பங்கள் கல்யாணம் முடிந்த பிறகு டவுனில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போய், வரைந்த திரைக்கு முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால் பெரிது. வீட்டில் உள்ளவரே படம் எடுக்கும் பழக்கம், அமெரிக்காவில் 1900இல் ஒரு டாலருக்கு விற்ற கோடக் பிரௌனி பெட்டிக் கேமராவால் பரவியது. நம் பக்கம் அதைப் பரப்பியவை பரோடாவில் தயாரான அக்பா கிளிக் கேமராவும், 1967இல் உற்பத்தி தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் பிலிமும். அதற்கு முன் எங்கள் தெருவில் கேமரா வைத்திருந்தவர் ஒரே ஒரு சொல்தா தாத்தாதான். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் அல்லவா, அவர்களின் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்.

மாமாவின் கேமரா அக்பா கிளிக். வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி, அவ்வளவுதான். ஒவ்வொரு படத்துக்கும் பிலிமைக் கையால் சுற்றி, பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண்ணைப் பார்க்க வேண்டும். பிளாஷ் கிடையாது. முகூர்த்தமோ விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு. பந்தலுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் அந்தக் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. தாலி கட்டும் நேரத்தில் நான் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா நின்றேன். ஸ்டூடியோக்காரர் பிளாஷோடு கலர் படம் எடுத்தார்.

பொழுது விடிந்ததும்தான் எனக்கு வேலை வந்தது. வெயில் இருந்த இடமெல்லாம் தெருவும் தோட்டமும்தான். கோட்டை அடுப்பில் சாம்பார் கிளறிய சமையல்காரர்கள், வில்லியனூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கிய வேன், வாழைமரம் கட்டிய பையன்கள். கிணற்றடியில் அப்பாவைப் பெற்ற ஆயா. கணவனை இழந்தவர் என்பதால் அந்தக் கால வழக்கப்படி மணவறைப் பக்கம் அவர் வரவில்லை. பேத்தி கல்யாணத்தை மேளச் சத்தத்திலேயே கேட்டுக்கொண்டு தோட்டத்தில் வெற்றிலை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு அம்மாள்.

கடலூரில் பிலிமைக் கழுவி வாங்கியபோது மூன்று படம் போச்சு. ஒன்றில் கை ஆடிவிட்டது, ஒன்றில் என் விரல், ஒன்றில் பிலிம் சுற்ற மறந்து இரண்டு படம் ஒன்றின்மேல் ஒன்று. மீதி ஒன்பது. "ஒன்றில்கூட மாப்பிள்ளை இல்லையேடா" என்று அப்பா திட்டினார்.

மூன்று வருஷம் கழித்து ஆயா இறந்தார். சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் தேடினோம். ஸ்டூடியோ ஆல்பம் முழுக்கப் புரட்டியும் ஆயா இல்லை. என் கிணற்றடிப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் அந்த ரோலை அவரே தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

இன்று அந்த ஸ்டூடியோ ஆல்பம் சிவந்துபோய் இருக்கிறது. அந்தக் காலக் கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், மிஞ்சுவது சிவப்புதான். கறுப்பு வெள்ளையில் படமாக நிற்பது வெள்ளித் துகள். அது நன்றாகக் கழுவப்பட்டிருந்தால் நீண்ட காலம் தாங்கும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் சேமித்திருக்கிறார்கள். ஸ்டூடியோ படத்துக்குச் சரித்திர மதிப்பு உண்டு என்றால், அதில் இடம்பெறாத ஆட்களைக் காட்டும் வீட்டுப் படத்துக்கும் உண்டுதானே? அதைத் தேடி நம் அலமாரிக்கு யாரும் வர மாட்டார்கள். நாம்தான் பார்க்க வேண்டும்.

போன மாதம் என் பேத்தி கேட்டாள், "ஆயா பக்கத்துல இருக்கிற பாட்டி யாரு தாத்தா?" எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கும். அக்கா 2021இல் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷம் வவுச்சரின் பின்னால் பெயரும் தேதியும் எழுதியவன், இந்தப் படத்தின் பின்னால் ஒரு வரி எழுதவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். ஆல்பத்தை இந்த வாரமே எடுங்கள். பசைத்தாளில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். தனிப் படமாக இருந்தால் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். பேனா வேண்டாம். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரை முதலில் உட்கார வைத்துக் கேளுங்கள். படம் இன்னும் சில வருஷம் காத்திருக்கும்.