கல்லும் பாடம் சொல்லும்

பட்டினப்பாலை கூறும் காழகத்தைக் கடாரம் என்பார் நச்சினார்க்கினியர். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் வென்ற செய்தியை அவன் மெய்க்கீர்த்தி உரைக்கும். இவற்றை வகுப்பில் கற்பிக்கும் நாம், மாணவரைக் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் சென்றதுண்டா? மெர்போக் அருங்காட்சியகத்தையும், அதனருகே 1960இல் சீரமைக்கப்பெற்ற புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல்தளத்தையும் நேரிற் கண்டால், ஏட்டில் படித்த வரலாறு கண்முன் நிற்கும்.

காலந்தாழ்த்தல் தகாது. அப்பள்ளத்தாக்கில் 11ஆம் எண்ணிட்டிருந்த பழங்கோயிற் சிதைவு, 2013இல் வீடமைப்புக்காக நிலம் திருத்தியபோது இடிக்கப்பட்டது. மலாக்காவில் வாழும் நமக்கு இத்தகைய இழப்புப் புதிதன்று. போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டையை ஆங்கிலேயர் 1807இல் தகர்த்தனர். இன்று எஞ்சி நிற்பது ஒரு வாயிலே.

ஆசிரியப் பெருமக்களே, ஆண்டுச் சுற்றுலாவைக் கேளிக்கைப் பூங்காவோடு நிறுத்தாது, கடாரத்திற்கும் மாணவரை அழைத்துச் செல்வோம். கண்ணாற் கண்ட பொருளையே அவர்கள் நாளை காக்க முன்வருவர்.